ஹ்மாங் பிள்ளைகளின் ஆங்கிலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். லாவோஸ் மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறிய ஹ்மாங் இனத்தவர் இங்கே நிறைய. போன வாரம் எட்டாம் வகுப்பு ஹ்மாங் பெண் ஒருத்தி கொண்டுவந்த கட்டுரை முழுக்கச் சிவப்பு மை. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதியிருந்தாள். "நேற்று என்றுதான் போட்டிருக்கிறேனே" என்றாள். அவள் மொழியில் அது போதும். ஹ்மாங்கில் காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாது, பன்மை விகுதியும் கிடையாது. அப்புறம், 1950களில் லாவோஸில் உருவான அவர்களுடைய ரோமன் எழுத்துமுறையில் சொல்லின் கடைசியில் வரும் 'எஸ்' (s), 'பி' (b) எல்லாம் தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறிகள், வாயால் ஒலிப்பதில்லை. அதில் படித்துப் பழகிய பெரியவர்கள் சிலர் ஆங்கிலத்திலும் கடைசி 'எஸ்'ஸை விட்டுவிடுகிறார்கள்.

1975இல் லாவோஸ் போர் முடிந்தபின் அகதிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என்னிடம் படிக்கும் ஹ்மாங் பிள்ளைகள். இங்கேயே பிறந்தும் பலர் வருடக்கணக்கில், ஆங்கிலத்தில் கூடுதல் உதவி தேவைப்படுவோருக்காகப் பள்ளிகள் வைத்திருக்கும் 'ஆங்கிலம் கற்போர்' பட்டியலில் இருக்கிறார்கள். பேச்சு சரளம்தான், கல்லூரிக் கட்டுரையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் ஹ்மாங் இலக்கணத்துக்கு ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். அந்தப் பெண் அன்று பேனாவை மூடி வைத்தவள், திரும்ப எடுக்கவே இல்லை.

– வாசகி, செயின்ட் பால், மின்னசோட்டா