துளைகளுக்கு நடுவே இருக்கும் ஒலியையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்ப் படங்களை மெருகேற்றி மறுபடி திரையிடுவது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறத்தை மீட்பதற்கு என்னென்ன செய்தார்கள் என்று விரிவாகவே எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஒலிக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தார். ஃபிலிம் காலத்தில் டிஜிட்டல் ஒலி கிடையாதாம். ஆகவே பிரதியில் இருந்த பழைய ஒலித்தடத்தைச் சுத்தம் செய்து, அதையே ஆறு தனித் தடங்களாகப் பிரித்து அரங்கு முழுவதும் பரப்பினார்களாம். 1965-ல் வந்த படத்துக்கு இது பொருந்தும். அந்தப் பட்டியலில் 1998-லும் 2001-லும் வந்த படங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு எப்படிப் பொருந்தும்?

மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்துத் திரையரங்குகளில் ஒலிக்கருவி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழிலாக இருந்தது. ஃபிலிம் புரொஜெக்டர்களைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்ட காலம் வரை அந்தக் கேபின்களின் வெக்கையில் நின்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

1990-களின் நடுவில் தொடங்கி அச்சான ஒரு 35 மில்லிமீட்டர் பிரதி யாரிடமாவது இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். படத்துக்குப் பக்கத்தில் நெளிநெளியாக இரண்டு கோடுகள் ஓடும். அது எல்லோரும் அறிந்த பழைய ஒலித்தடம். அந்தக் கோடுகளுக்கும் படத்துக்கும் இடையில் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறிபோல் மெல்லிய வரி ஒன்று தெரிந்தால் அது டிடிஎஸ் என்ற டிஜிட்டல் ஒலிமுறை. ஃபிலிமை இழுப்பதற்கான ஓரத் துளைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தால் அது டால்பி டிஜிட்டல். துளைகளையும் தாண்டி, பிரதியின் இரண்டு விளிம்புகளிலும் நீலமாக ஏதாவது ஓடினால் அது சோனியின் டிஜிட்டல் முறையான எஸ்டிடிஎஸ். வெளிநாட்டுப் பிரதிகளில் இந்த நான்கும் ஒன்றாக இருப்பது சாதாரணம். படத்துக்கு இருந்த இடத்தில் ஒரு மயிரிழைகூடக் குறைக்காமல், மிச்சம் மீதி கிடந்த இடுக்குகளில் எல்லாம் ஒலியைத் திணித்திருக்கிறார்கள்.

இடுக்கைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. 1990-ல் கோடாக் நிறுவனமும் ஆப்டிகல் ரேடியேஷன் என்ற அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து முதலில் ஒரு முறையைக் கொண்டுவந்தன. பழைய ஒலித்தடத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் டிஜிட்டல் தகவலை அச்சிட்டார்கள். கேட்க அருமையாக இருந்ததாம். ஆனால் கருவி படிக்கத் தவறினால் அரங்கில் ஒலியே இல்லை, கைகொடுக்க வேறு தடமும் இல்லை. சில ஆண்டுகளிலேயே அந்த முறை காணாமல் போயிற்று. பின்னால் வந்த மூவரும் பழைய தடத்தில் கை வைக்கவில்லை. டிஜிட்டல் காலை வாரினால் தாங்கிப் பிடிக்க அது கீழே எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

1992-ல் திரைக்கு வந்த டால்பியின் கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் குறுக்கே 76 புள்ளிகள், நெடுக்கே 76 புள்ளிகள், ஆக 5,776. படத்தின் ஒவ்வொரு சட்டத்துக்கும் (ஃபிரேம்) ஒரு பக்கத்தில் நான்கு துளைகள், நொடிக்கு 24 சட்டங்கள் என்பதால் நொடிக்கு 96 கட்டங்கள். பெருக்கினால் ஐந்தரை லட்சம் புள்ளிகளுக்கு மேல் வரும். அதில் ஒலிக்கு மட்டும் நொடிக்கு 3,20,000. மிச்சத்தில் பெரும்பகுதி, கீறலும் தூசியும் அழித்த புள்ளிகளைக் கணக்குப் போட்டு மீட்பதற்காக. எள்ளளவு இடத்தில் இத்தனையும் அடக்கியவர்கள், கட்டத்தின் நட்டநடுவில் தங்கள் நிறுவனத்தின் இரட்டை முத்திரையைப் பதிக்கவும் இடம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்! வியாபாரம் அப்படி.

இதைப் படிக்கும் கருவியைப் பெரும்பாலும் புரொஜெக்டரின் தலையில் பொருத்துவோம். ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் சிறிய கேமரா. விளக்கின் வெளிச்சம் படத்தில் பாயும் பட வாயிலுக்கு ஃபிலிம் இறங்கும் முன்பே கட்டங்களைப் பார்த்துப் படித்து, ஒலியை நினைவில் தேக்கி வைத்து, அந்தச் சட்டம் திரையில் விழும் நேரத்தில் சரியாக அவிழ்த்துவிடும். பழைய தடத்தைப் படிக்கும் இடம் பட வாயிலுக்குக் கீழே இருக்கும். எனவே ஒரே காட்சியின் ஒலி இரண்டு முறை படிக்கப்படும், மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. கருவியின் முகப்பில் பிழைகளைக் காட்டும் ஓர் எண் எரியும். புதுப் பிரதியில் அது தாழ்ந்தே நிற்கும். ஊர் ஊராகச் சுற்றிய பெட்டி வந்தால் ஏறிக்கொண்டே போகும். எட்டைத் தாண்டி 'எஃப்' என்ற எழுத்து வந்துவிட்டால் டிஜிட்டல் கைவிட்டு ஒலி பழைய தடத்துக்கு இறங்கிவிடும். ரசிகர்கள் அதைக் கண்டுபிடிப்பது அரிது. ஆபரேட்டர் கண்டுபிடித்துவிடுவார், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக்கொண்டு அடுத்த ரீல் மாற்றத்துக்காகக் காத்திருப்பார்.

நம் ஊர்களை ஆண்டது டால்பி அல்ல, டிடிஎஸ்தான். 1993-ல் அமெரிக்காவில் ஜுராசிக் பார்க் படத்தோடு வெளிவந்தது; இங்கே அதைக் கொண்டுவந்தது சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம். டிடிஎஸ் செய்த தந்திரம் எளியது. ஒலியை அது ஃபிலிமில் எழுதவே இல்லை. ஃபிலிமில் இருந்தது நேரக்குறி மட்டுமே: இது இன்ன படம், இத்தனையாவது ரீல், இந்த இடம் என்று சொல்லும் எண்கள். ஒலி தனியாக சிடி தட்டுகளில் வரும். ஒரு தட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே கொள்ளும், ஆகவே நம் படங்களுக்கு இரண்டு தட்டுகள். படிக்கும் கருவி விலை மலிவு. கட்டங்களைப் போல நுணுக்கமாக அச்சிட வேண்டிய அவசியம் லேபுக்கும் இல்லை. சுவரொட்டியில் கதாநாயகன் பெயருக்குச் சமமாக 'டிடிஎஸ்' என்று போட்ட காலம் அது.

அதன் சாமர்த்தியத்தை நம் ஊர் ஆபரேட்டர்களைப் போல் சோதித்தவர்கள் உலகத்தில் யாரும் இருக்க முடியாது. படம் நீளம், நான்காவது பாட்டை வெட்டு என்பார் உரிமையாளர். வெட்டி ஒட்டுவார்கள். ஒட்டு கடக்கும் இடத்தில் நேரக்குறி தாவும். தட்டும் அதே இடத்துக்குத் தாவும். ஒட்டு விழுந்ததே காதுக்குத் தெரியாது. கிழிந்து போய் ஓர் அடி ஃபிலிம் தொலைந்தாலும், குறி மறுபடி வரும்வரை தேக்கி வைத்த ஒலியைக் கொண்டு சில நொடிகள் ஓட்டிவிடும். வேறு படத்தின் தட்டை மாற்றிப் போட்டாலோ வாயைத் திறக்காது.

இத்தனை சாமர்த்தியமும் கடைசியில் எதிராக முடிந்தது. பிரதி ஒரு பொருள், தட்டு இன்னொரு பொருள். இரண்டில் ஒன்று தொலைந்தால் போயிற்று. படத்தை அரங்கிலிருந்து எடுத்ததும் பெட்டி விநியோகஸ்தருக்குத் திரும்பும், தட்டு கருவிக்குள்ளேயே தங்கிவிடும். அல்லது தட்டு திரும்பும், உறை வராது. ஒரு விநியோகஸ்தரின் கிடங்குக்கு வேறு வேலையாகப் போனபோது, மொட்டை மாடியில் புறாவை விரட்டுவதற்காகத் தட்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். ஒன்றைத் திருப்பிப் படித்தேன். நல்ல படம், இரண்டாம் தட்டு. முதல் தட்டு எங்கே என்று கேட்டேன். இடைவேளைக்கு முன்னால் உள்ளது யாருக்கு வேண்டும் என்று சிரித்தார்கள். புறாக்கள் அந்தத் தட்டுக்கு அஞ்சியதாகவும் தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஒலிக்கலவையின் மூலப்பதிவு ஸ்டூடியோவில் பத்திரமாக இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறு கிடையாது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல படங்களுக்கு அது கிடைப்பதில்லை. அப்போது உடனே பழைய தடத்துக்குப் போய் அதை மென்பொருளில் போட்டு ஆறாகக் கிழிக்கிறார்கள். கிழித்த ஒலியில் வசனத்தின் வால் பின்சுவரில் கேட்கும். நடுவில் நிற்க வேண்டிய குரலோடு மழையும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் படத்தின் ஒலிக்கலவையாளர் எந்த ஒலி எங்கிருந்து வர வேண்டும், எந்த இடத்தில் பின்பக்கம் மௌனமாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து முடிவு செய்த உழைப்பு, தட்டிலோ துளைகளுக்கு நடுவிலோ அப்படியே இருக்கும்போது, அதைத் தேடாமல் புதிதாக ஒன்றை ஜோடித்து 'மேம்படுத்தினோம்' என்று விளம்பரம் செய்வது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

இதைவிடக் கவலை தருவது ஸ்கேன் செய்யும் விதம். பிரதியிலிருந்து ஸ்கேன் செய்யும்போது படச்சட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சேமிக்கிறார்கள். நெளிகோட்டைத் தனியாக எடுக்கிறார்கள். துளைப் பகுதியைக் குப்பை என்று கழித்துவிடுகிறார்கள். அந்தப் பிரதி நாளை கெட்டுப் புளித்துப் போய்விட்டாலோ எடைக்குப் போய்விட்டாலோ, டால்பி கட்டங்களும் கூடவே போய்விடும். இந்தப் புள்ளியும் படம்தானே? விளிம்பிலிருந்து விளிம்பு வரை முழு அகலத்தையும் எடுத்து வைத்தால், இன்று கருவி இல்லாவிட்டாலும் பின்னால் ஒருவர் கணினியில் புள்ளிகளைப் படித்து ஒலியாக்கிக்கொள்ள முடியும்.

நுணுக்கமும் முக்கியம். டால்பியின் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. 35 மில்லிமீட்டர் அகலத்தையும் '4கே' அளவில், அதாவது குறுக்கே ஏறக்குறைய நாலாயிரம் படக்கூறுகளாக (பிக்சல்) எடுத்தால் ஒரு புள்ளிக்குக் குறுக்கே மூன்றரைக்குச் சற்று மேல் படக்கூறுகள் கிடைக்கும், தாராளமாகப் படிக்கலாம். அதில் பாதியான '2கே' அளவில் எடுத்தால் இரண்டுகூடத் தேறாது. சிக்கனம் பார்த்து அங்கே குறைத்தால் கட்டம் கண்ணுக்குத் தெரியும், எண் தெரியாது. விளக்கின் வெளிச்சத்தையும் படத்துக்கு மட்டும் பார்த்து வைக்காமல், துளை வழியே வரும் ஒளி பக்கத்துக் கட்டத்தை வெளுக்கடிக்காதபடி வைக்க வேண்டும்.

புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இருக்கிறது. அங்கே நம் படங்களைக் கொடுக்கும் தயாரிப்பாளர்கள் பெட்டியோடு தட்டையும் கொடுக்க வேண்டும்; வாங்குகிறவர்களும் தட்டு எங்கே என்று கேட்டு வாங்க வேண்டும். பதிவேட்டில் ரீல் எண்ணிக்கை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே தட்டு எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இதைப் படிக்கும் பழைய ஆபரேட்டர்கள், திரையரங்கு உரிமையாளர்கள், விநியோகஸ்தர்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அலமாரியின் அடியில் டிடிஎஸ் தட்டு கிடந்தால் வீட்டு சிடி பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு, பாடவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். அது அதில் பாடாது. ஆனால் சாதாரணக் கணினியின் சிடி டிரைவ் அதைப் படிக்கும். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். கோப்புகளை ஒன்றொன்றாக எடுக்காமல் முழுத் தட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக (டிஸ்க் இமேஜ்) நகலெடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். படத்தின் பெயர், எத்தனையாவது தட்டு, தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண் ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்க ஒலிக்கருவி பழுதுபார்ப்பவர்,
திண்டுக்கல்.