எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.எட்., தகுதித் தேர்வு எழுதுவோர், கற்றலை விலங்குகளிடம் சோதித்த அறிஞர்களில் பாவ்லோவ் என்றால் நாய், ஸ்கின்னர் என்றால் எலி என்று மனப்பாடம் செய்கிறார்கள். இவ்விருவர் காட்டிய இரண்டு ஆக்கநிலையுறுத்தங்களும் (அனுபவத்தால் பழகிக் கற்கும் முறைகள்) வகுப்பறையில் எப்படி வேலை செய்கின்றன என்பது அதில் விடுபட்டுப் போகிறது.

பாவ்லோவின் நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஒலித்ததும் உணவு வரும். எச்சில் ஊறினாலும் ஊறாவிட்டாலும் வரும். பலமுறை இப்படி நடந்தபின் ஒலிக்கே எச்சில் ஊறுகிறது. உணவை முதலில் வைத்து ஒலியைப் பிறகு எழுப்பினால் இந்தக் கற்றல் அநேகமாக நடக்காது. ஸ்கின்னரின் எலியோ நெம்புகோலை அழுத்தினால்தான் தீனி. அதுவும் உடனே விழ வேண்டும். தாமதித்தால் இடையில் எலி செய்த வேறொன்று வலுப்பெற்றுவிடும்.

பலரும் சறுக்கும் இடம் எதிர்மறை வலுவூட்டல். அதைத் தண்டனை என்றே எழுதுகிறார்கள். கூண்டின் தரையில் மின்சாரம் பாய்கிறது, நெம்புகோலை அழுத்தியதும் நிற்கிறது என்றால் எலி மேலும் அழுத்தும். தொல்லை நீங்குவதால் செயல் கூடுகிறது. தண்டனையிலோ செயல் குறையும்.

கணக்கு வகுப்பில் அடி வாங்கிய குழந்தையைப் பாருங்கள். கணக்கு நோட்டை எடுத்தாலே வயிற்றைப் பிசைகிறது. இது பாவ்லோவ் வழி. "சரி, இன்னிக்கு வீட்ல இரு" என்று அம்மா சொன்னதும் வலி போய்விடுகிறது. மறுநாளும் அதே வலி, அதே விடுப்பு. இது எதிர்மறை வலுவூட்டல். குழந்தை நடிக்கிறது என்று திட்டுவது பெரிய அநியாயம், வலி உண்மையானது. ஸ்டார் ஒட்டினாலும் சாக்லேட் கொடுத்தாலும் அச்சம் அப்படியேதான் இருக்கும்.

அச்சத்தை அவிழ்க்கும் வழியை 1924-இலேயே உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டில் முயலைத் தொலைவில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் நெருக்கினார். அவசரப்பட்டால் அச்சம் சாப்பாட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். கணக்குக்கும் இதே வரிசைதான்: முதலில் அடியும் அதட்டலும் அறவே நிற்க வேண்டும். பிறகு குழந்தைக்கு நிச்சயம் வரும் 2 கணக்குகள், அது முடித்த உடனே பாராட்டு. விடுப்பும் நீளக் கூடாது; அரை மணி நேரமாவது வகுப்பில் உட்கார வைக்க வேண்டும்.

வினாத்தாள் தயாரிப்பவர்கள் 'பொருத்துக' கேட்பதை விட்டு, இப்படி ஒரு குழந்தையின் காலைப் பொழுதைக் கொடுத்து எது எந்த வகை என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உளவியல் விரிவுரையாளர்,
திருச்சி.