முற்றுப்புள்ளியும் கோபமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைப்பேசியில் செய்தி அனுப்பும் இளைஞர்கள் மொழியை அலட்சியமாகக் கையாள்கிறார்கள் என்று ஒரு வாசகர் இப்பகுதியில் வருந்தியிருந்தார். 31 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள் நான். போன மாதம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள், விடுமுறைக்கு வர முடியாது என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். "சரி." என்று பதில் போட்டேன். ஒற்றைச் சொல்லானாலும் முற்றுப்புள்ளி வைக்காமல் என் கை நகராது. அன்று இரவே அழைத்தாள். குரல் கம்மியிருந்தது. "என் மேல் அவ்வளவு கோபமா அம்மா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னாள். செய்தியை அனுப்பியதுமே அந்த வாக்கியம் முடிந்துவிடுகிறதாம். அதற்கு மேலும் புள்ளி வைத்தால் பேச்சை முறிப்பதாகப் பொருளாம். "சரி" என்றால் சம்மதம். "சரிஇஇ" என்று நீட்டினால் மகிழ்ச்சி. (செய்யுளின் ஓசைக்காக அளபெடை இட்டவர்கள்தானே நாம்!) "சரி." என்றால் கதவைச் சாத்தியாகிவிட்டது.

இது அவள் கற்பனை அல்ல. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முற்றுப்புள்ளியோடு முடிந்த குறுஞ்செய்திப் பதில்கள் மாணவர்களுக்குப் புள்ளியில்லாதவற்றைப் போல அவ்வளவு மனப்பூர்வமானவையாகத் தோன்றவில்லை. கையால் எழுதிய குறிப்பில் அந்த வேறுபாடே தெரியவில்லை.

அதன்பின் அவள் வாட்ஸ்அப் கணக்கை மெய்ப்புப் போலவே ஊன்றிப் பார்க்கிறேன். முகப்புப் படத்தை நீக்கி வெற்று வட்டமாக விட்டிருந்த வாரம், நெருங்கிய தோழியோடு அவளுக்கு மனக்கசப்பு. 'டைப் செய்கிறார்' என்பது தோன்றித் தோன்றி மறைந்தால், எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறாள். ஒரு பக்கத்தை நான் மூன்று முறை படித்துத் திருத்துவேன். ஒரு வரிக்கு அவள் படும் பாடு அதற்குக் குறைந்ததல்ல. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். மரணச் செய்திக்குக் கூப்பிய கைகளின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நகர்வது. கேட்டதற்கு, "என்ன எழுதுவது என்றே தெரியவில்லை அம்மா" என்றாள். தந்தையை இழந்த அவளுடைய தோழிக்கு, சென்ற வாரம் இருவரும் சேர்ந்து ஆறு வரி எழுதினோம். கடைசியில் புள்ளி வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்