தாய்மாமனையும் பாட்டியையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போகிறவர்களில் அன்றாடம் ஜீப்பில் திரும்புகிறவர்களும் உண்டு, இடுக்கி மாவட்டத்திலேயே குடியிருப்பவர்களும் உண்டு. இந்தக் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று, பிள்ளை எங்கே வளரவேண்டும் என முடிவு செய்யும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தும்போது, பெரும்பாலும் தாயோ தகப்பனோ ஒருவர்தான் வருகிறார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். பிள்ளை ஹோமுக்கு, அதாவது குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறது. கூடலூரில் பெரியம்மா, போடியில் தாய்மாமன், உத்தமபாளையத்தில் பாட்டி இருப்பது கோப்பில் ஏறாமலே போய்விடுகிறது. இறுதி உத்தரவுக்கு முன்னால் சொந்தபந்தத்தை முறையாகக் கூட்டி, பிள்ளை எங்கே வளரவேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கும் வழக்கத்தைத் தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் கொண்டுவர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

சட்டத்தில் இதற்குத் தடை எதுவுமில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்கவேண்டும் என்கிறது. பிள்ளையின் விருப்பத்தையும் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும்; பிள்ளையின் குடும்பச் சூழலைப் பற்றிய சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும்; முதல் நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வரவேண்டும். இதில் அந்த 15 நாள்தான் பிள்ளையின் கதியை முடிவு செய்கிறது. அதற்குள் யாரையும் தேடிப் பிடிக்காவிட்டால் 'பராமரிக்க ஆள் இல்லை' என்று அறிக்கை போய்விடும். பிறகு விஷயம் தெரிந்து ஓடிவரும் சித்தப்பா, முடிந்துபோன முடிவை எதிர்த்து வாதாட வேண்டியவராகிறார்.

இதற்கு முன்மாதிரி நியூசிலாந்து. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகளை அவர்கள் குலத்தாரைக் கேட்காமல் அரசு எடுத்துப்போகிறது என்ற நெடுநாள் குமுறலுக்குப் பிறகு, அந்நாடு 1989இல் குடும்பக் கூட்டத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அதை நடத்துகிறவர், வழக்கை விசாரிக்கும் அலுவலர் அல்லாத தனி ஒருங்கிணைப்பாளர். அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியேறுவார்கள். குடும்பத்தார் தனியே பேசி, ஒரு திட்டத்தோடு அவர்களைத் திரும்ப அழைப்பார்கள். இதில் அந்தத் தனிப்பேச்சை விட்டுவிட்டால், மிஞ்சுவது ஆள் கூடுதலாக வந்த இன்னொரு விசாரணை மட்டுமே.

நம் பக்கத்தில் இதைச் செய்ய முதல் வேலை சொந்தங்களைக் கண்டுபிடிப்பது. தாய்வழி, தகப்பன்வழி இரண்டையும் மூன்று தலைமுறைக்குத் தாளில் வரையவேண்டும். தகப்பன் குடிகாரர் என்பதற்காகவோ விட்டுப் போய்விட்டார் என்பதற்காகவோ அவருடைய அக்கா தங்கைகளை விட்டுவிடக் கூடாது. பல வீடுகளில் பிள்ளைக்குச் சோறு போட்டது அத்தைதான். பெயர் நினைவுக்கு வராத வீட்டில், கடைசியாக நடந்த காதுகுத்து அல்லது சடங்கின் மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். யார், எந்த ஊர் என்பது அதில் வரிசையாக இருக்கும். பிள்ளையிடமும் கேட்கவேண்டும். "யாரோடு இருக்க விருப்பம்?" என்று எடுத்தவுடன் கேட்டால் அது பயந்துபோகும். "லீவுக்கு எந்த வீட்டுக்குப் போவாய், யார் பக்கத்தில் படுத்துத் தூங்குவாய்?" என்று கேட்டால் பதில் வரும்.

அடுத்தது, கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பது. இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். இதைச் சுருக்கினால் பழைய நகைச் சண்டையும் நிலத் தகராறும் கூட்டத்தில் வெடிக்கும். யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யார் எதிரே தாய் வாய் திறக்கமாட்டார் என்பதை முன்கூட்டியே அறிந்து இருக்கை போடவேண்டும். நாள், ஞாயிற்றுக்கிழமை. வேலைநாளில் கூப்பிட்டால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும் என்பதால் வரமாட்டார்கள், அது 'அக்கறை இல்லை' என்று அறிக்கையில் பதிவாகும். பயணச் செலவை முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது. இடம், காவல் நிலையமும் வேண்டாம், குழுவின் அறையும் வேண்டாம். பள்ளிக்கூடமோ ஊராட்சி அலுவலகமோ போதும். திருப்பூரில் இருக்கும் மாமா வீடியோ அழைப்பில் வரலாம். பிள்ளையை வளர்க்கப்போகிறவர் நேரில் வந்தே ஆகவேண்டும்.

கூட்டம் தொடங்கியதும் அலுவலர் அறிக்கையை வாசிக்க வேண்டாம். என்ன நடந்தது, இனி எது நடக்கவே கூடாது, சட்டம் தரும் வழிகள் என்னென்ன என்ற மூன்றையும் எளிய தமிழில் சொன்னால் போதும். பெற்றோரிடமே திரும்ப ஒப்படைத்து அலுவலர் கண்காணிப்பில் வைக்கலாம். உறவினரைத் 'தகுதியான நபர்' என்று குழு ஏற்றுப் பிள்ளையை ஒப்படைக்கலாம். வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளரும் வளர்ப்புப் பராமரிப்புக்குக் கொடுக்கலாம். நிதி ஆதரவு வழங்கலாம். இது தெரியாததால்தான் பலர் 'ஹோம் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை' என்று நினைக்கிறார்கள். பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் குடும்பம் மட்டும் உள்ளே இருக்கவேண்டும். வார்டு உறுப்பினரும் சாதிப் பெரியவரும் கட்சிக்காரரும் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வெளியேதான்.

திரும்பி வரும்போது "நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். அதைத் திட்டமாக ஏற்கக் கூடாது. காலையில் பள்ளிக்கு அனுப்புவது யார்? இரவில் வீட்டில் இருக்கும் பெரியவர் யார்? தகப்பன் எந்த நாளில், எங்கே வந்து பார்க்கலாம், குடித்துவிட்டு வந்தால் யாருக்குப் போன் செய்வது? பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனால் அடுத்த வீடு எது? ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயரும் தேதியும் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நகல் ஆளுக்கு ஒன்று தரவேண்டும். ஒரு மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் அதே ஆட்கள் மறுபடி கூடவேண்டும். மூன்றாம் மாதத்துக் கூட்டத்தைத் தவறவிட்டால், முதலில் தளர்வது பாட்டியின் வீடுதான்.

சில இடங்களில் கண்டிப்பு தேவை. போக்சோ வழக்கென்றால், அதாவது பிள்ளை மீதான பாலியல் குற்ற வழக்கென்றால், குற்றம் சாட்டப்பட்டவரும் அவருக்காகப் பேசுகிறவரும் அந்த வாசலை மிதிக்கவே கூடாது. அந்தக் குற்றத்தைக் குடும்பம் பேசித் தீர்க்க முடியாது என்பதையும், தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதே குற்றம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெண்பிள்ளை என்றால் "கட்டிக் கொடுத்துடலாம்" என்று ஒருவராவது சொல்வார். 18 வயதுக்குள் அது முடியாது என்று ஒருங்கிணைப்பாளர் அந்த நிமிடமே நிறுத்தவேண்டும். தாய் பயத்தில் ஊமையாக இருக்கிறார் என்று தெரிந்தால், அவருக்கு நம்பிக்கையான ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்த பிறகே பேச்சைத் தொடங்கவேண்டும். இறுதி உத்தரவு எப்போதும் குழுவினுடையதே. பாதுகாப்பில் ஓட்டை இருந்தால் திட்டத்தை மறுக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

எல்லையால் வரும் சிக்கல் தனி. பிள்ளை கேரளத்தில் மீட்கப்பட்டு, வளர்க்க முன்வரும் சொந்தம் தேனி மாவட்டத்தில் இருந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி சொந்த மாவட்டக் குழுவைக் கலந்துகொண்டு மாற்றல் உத்தரவு போடவேண்டும். உத்தரவு கிடைத்த 15 நாளுக்குள் போலீஸ் துணையோடு கொண்டுவிட வேண்டும். பெண்குழந்தை என்றால் பெண் போலீஸ் கட்டாயம். நடைமுறையில் தாமதம் காகிதத்தில் தொடங்குகிறது. மலைக்கு மேலே கேரளத்தில் அறிக்கை மலையாளத்தில், கீழே தேனியில் தமிழில். மொழிபெயர்ப்பு வரும்வரை கோப்பு நகர்வதில்லை, பிள்ளை இல்லத்தில் காத்திருக்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் தமிழருக்கு உரிமை தருகிறது. அந்தப் பகுதிக் குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்கவேண்டும். இரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளும் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைத் தத்தம் ஒருங்கிணைப்பாளராக நியமித்து, தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டாலே காத்திருப்பு பெருமளவு குறையும்.

பணத்தைப் பேசாமல் பாட்டி தலையில் பொறுப்பைக் கட்டுவது அநியாயம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளையும், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளையும் இதில் வருவார்கள். விண்ணப்பத்தைக் குடும்பக் கூட்டம் நடக்கும் அன்றே அங்கேயே நிரப்பிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் நிரப்பலாம் என்றால் வருமானச் சான்றிலேயே மாதங்கள் ஓடிவிடும். பள்ளி மாற்றமும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மலையாள வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் பழக ஒருவரைத் திட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதுங்கள்.

குழுவின் உத்தரவு சரியில்லை என்று கருதும் குடும்பம் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு பற்றிய முடிவென்றால் மாவட்ட ஆட்சியரிடம். இதை உத்தரவின் அடியில் தமிழில் அச்சிட்டுத் தருமாறு இரு குழுக்களையும் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளையை அழைத்துக்கொள்ள முன்வரும் உறவினர்கள் முதல் நாளே ரேஷன் கார்டு, ஆதார், உறவைக் காட்டும் ஏதாவது ஓர் ஆவணம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்து, பிள்ளை எந்த மாவட்டக் குழுவிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பணியில் உள்ள சிலர்,
கம்பம், தேனி மாவட்டம்.