2 நாள் சான்றிதழும் 2,000 மணி நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலக் கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் ‘டி.ஏ. தெரபிஸ்ட்’ என்ற பெயர் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. டிரான்ஸாக்ஷனல் அனாலிசிஸ் என்ற இந்த முறையை 1950-களின் பிற்பகுதியில் வகுத்தவர் எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர். நாம் ஒவ்வொருவரும் பெற்றோர், வளர்ந்தவர், குழந்தை என்ற மூன்று நிலைகளில் மாறி மாறி நின்று பேசுகிறோம் என்பது இதன் அடிப்படை. முறையில் குறையில்லை. பெயருக்குப் பின்னால் எவ்வளவு பயிற்சி இருக்கிறது என்பதுதான் வாசகருக்குத் தெரிவதில்லை.

‘101’ என்ற அறிமுக வகுப்பு குறைந்தது 12 மணி நேரம்; ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும். அதில் தருவது வகுப்பில் கலந்துகொண்டதற்கான அத்தாட்சி மட்டுமே. அதை வைத்துக்கொண்டு சிகிச்சை அளிப்பது தவறு. ‘சி.டி.ஏ.’ (சான்று பெற்ற டிரான்ஸாக்ஷனல் அனலிஸ்ட்) என்ற தகுதிக்குப் பயிற்சியாளருடன் ஒப்பந்தம் போட்டு 2,000 மணி நேரம் முடிக்க வேண்டும்: வாடிக்கையாளர்களுடன் 750, பயிற்சி 600, சூப்பர்விஷன் (தன் பணியை மூத்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது) 150, மற்ற தொழில் வளர்ச்சிக்கு 500. பிறகு எழுத்துத் தேர்வு. அதில் தேறியதும் நான்கு தேர்வாளர்கள் முன் தன் பணியின் ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பெயருக்குப் பின் அடைப்புக்குள் வரும் எழுத்தையும் கவனியுங்கள். ‘பி’ என்றால் உளசிகிச்சை, ‘சி’ கவுன்சலிங், ‘ஓ’ நிறுவனங்கள், ‘இ’ கல்வி. நிறுவனத் துறையில் தேறியவர் எவ்வளவு திறமைசாலியானாலும், அந்தத் தேர்வு அவரை உளசிகிச்சையாளர் ஆக்காது.

இத்துறைக்கு உளவியல், சமூகப்பணி, மருத்துவம் படித்தவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்கள், மனிதவள அதிகாரிகள், துறவிகள் என்று பலரும் வருகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் பழைய தொழிலின் பழக்கமும் கூடவே வரும். ‘நீங்க எது சொன்னாலும் சரி மேடம்’ என்று ஒருவர் சொன்னதும், ஆசிரியராக இருந்தவர் தன்னையறியாமல் நாலு அறிவுரை சொல்லிவிடுவார். ஆசிரியரின் ‘பெற்றோர்’ நிலை பேச, எதிரே இருப்பவரின் ‘குழந்தை’ நிலை தலையாட்டுகிறது. அடுத்த வாரம் அந்த வாடிக்கையாளர் வந்து, ‘நீங்க சொன்னபடிதான் செஞ்சேன், சரிவரலை’ என்பார். மனிதவளத்திலிருந்து வந்தவர் கெடு வைத்து முடிக்கப் பார்ப்பார். மருத்துவர் அறிகுறிகளை வரிசையாகக் கேட்க, எதிரே இருப்பவர் ‘ஆமாம், இல்லை’ என்று சுருங்கிவிடுவார்.

இதைப் பிடிப்பது சூப்பர்விஷன்தான். வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு பதிவுசெய்த உரையாடலில் பத்து நிமிடத்தைப் பயிற்சியில் இருப்பவர்கள் வரிக்கு வரி எழுதிக்கொண்டு போவார்கள். ‘இங்கே அவர் குரல் தாழ்ந்ததே, அப்போது உங்களுக்குள் என்ன நடந்தது?’ என்று சூப்பர்வைசர் கேட்பார். 150 மணி நேரத்தை 750-உடன் வைத்துப் பாருங்கள்: ஐந்து மணி நேரப் பணிக்கு ஒரு மணி நேரம்.

இந்தப் பயிற்சியைத் தருபவருக்கும் படிகள் உண்டு. சி.டி.ஏ. முடித்து, அதற்கென உள்ள பட்டறையில் ஒப்புதல் பெற்றவர் ‘பி.டி.எஸ்.டி.ஏ.’, அதாவது தற்காலிக நிலையில் உள்ள பயிற்சியாளர், சூப்பர்வைசர். அவர் மேலும் தேர்வில் தேறித்தான் முழுத் தகுதி பெற்ற ‘டி.எஸ்.டி.ஏ.’ ஆகிறார். அதுவரை, அவர் செய்யும் சூப்பர்விஷனையே இன்னொருவர் சூப்பர்வைஸ் செய்வார்.

இவற்றில் எதுவும் அடிப்படைத் தகுதிக்கு மாற்றல்ல. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். மனநோய்க்கு மருந்து எழுத மருத்துவர் வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்றோ வாழப் பிடிக்கவில்லை என்றோ ஒருவர் சொன்னால், அவரைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ வேறு மனநல மருத்துவரிடமோ உடனே அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணையும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு நாள் வகுப்பில் இந்த நிதானம் வராது.

எனவே ஒரு வேண்டுகோள். ஆலோசகர் ஒருவரின் பேட்டியையோ விளம்பரத்தையோ வெளியிடும்போது, ‘மனநல நிபுணர்’ என்று பொதுவாகப் போடாமல், அவருடைய அடிப்படைப் பட்டம், பதிவு எண் இருந்தால் அது, டி.ஏ.வில் எந்தப் படி, எந்தத் துறை என்பதைப் பெயருக்குக் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள். பயிற்சியில் இருப்பவரானால் ‘பயிற்சியில்’ என்றே போடுங்கள். அது குறைவான சொல் அல்ல.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்கள் சிலர்,
அண்ணாநகர், சென்னை - 40