எந்த டெஸ்டரை வாங்குவது

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் மருமகளும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டு வயரிங்கைச் சோதித்து அளக்கும் டெஸ்டரை எந்தக் கொம்பனியில் வாங்கலாம் என்று இரண்டு மாதங்களுக்கு முன்னர் நீ கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு நீ கேட்கவேயில்லை. தைப்பொங்கலன்று அம்மா எடுத்தபோதும், வேலையில் நிற்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் எழுதுவது என் கடமை என்பதால் இன்று விடியற்காலையிலேயே எழுத இருந்துவிட்டேன். டெஸ்டர் வாங்கப்போகிறான் என்று நான் சொன்னபோது, முனையில் சிவப்பு வெளிச்சம் எரியும் அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவரைத்தான் அம்மா நினைத்தார். அதற்கு ஏன் லண்டனில் இவ்வளவு காசு என்று கேட்டார்.

முதலில் மெகர். அந்தப் பெயர் இங்கிலாந்தில் 1903 இலேயே பதிவானது. நம் ஆட்கள் எந்தக் கொம்பனியின் கருவியைக் கையில் வைத்திருந்தாலும் இன்சுலேஷன் பார்ப்பதை, அதாவது வயரின் உறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று பார்ப்பதை, 'மெகர் பண்ணுவது' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். கைபிடியைச் சுற்றி வோல்ற்று எழுப்பும் என்னுடைய பழைய பெட்டியைப் பள்ளிக்கூட விடுமுறையில் நீயும் சுற்றியிருக்கிறாய். இப்போது அவர்கள் செய்யும் பல சோதனைகளையும் செய்யும் டெஸ்டர்களில் சுழற்றும் குமிழ் பெரிதாக இருப்பதால் கையுறையோடும் திருப்பலாம். புதிய வகைகளில், லூப்பை, அதாவது பழுது வந்தால் கரண்ட் ஏர்த் வழியாகத் திரும்பும் பாதையின் தடையை, அளக்கும்போது அளவு எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதையும் திரையில் காட்டுகிறார்கள். தொழிற்சாலை டோவரில், உன் நாட்டிலேயே இருப்பதால் பழுதுபார்க்கவும் அளவு சரிபார்க்கவும் அனுப்புவது சுலபம்.

ஃபுளூக் அமெரிக்கக் கொம்பனி. அவர்களுடைய 1664 என்ற மொடலில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு: இன்சுலேஷன் பார்ப்பதற்காக 500 வோல்ற் ஏற்றுவதற்கு முன்னர், அந்த லைனில் ஏதாவது பொருள் கழற்றப்படாமல் இருக்கிறதா என்று தானே பார்த்து, இருந்தால் நிறுத்திவிடும். வாடிக்கையாளரின் டீவியை எரித்துவிட்டு முழிக்க வேண்டியதில்லை. சோதனைகளை வரிசையாகத் தானே செய்து, அளவுகளைப் போனுக்கும் அனுப்பும். ஸ்லோவேனியாவின் மெட்ரலும் நல்ல கருவிதான். அதில் வசதிகள் ஏராளம். ஆனால் மெனுவுக்குள் மெனு என்று போகும், உனக்குப் பொறுமை போதாது என்பது என் அபிப்பிராயம். கியூடெக் உங்கள் பக்கத்து ஆட்கள் அதிகம் பாவிப்பது என்று அறிகிறேன், விலையும் தாங்கக்கூடியது. ஜப்பானின் கியோரிட்சுவை நான் கிளாம்ப் மீற்றராகத்தான் நம்பியிருக்கிறேன், அது என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

எதை வாங்கினாலும், வேலை தொடங்குமுன் மீற்றரின் லீட் வயர்களை முனையோடு முனை சேர்த்து நல் செய்யவேண்டும், அதாவது அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரவேண்டும். லீட்டின் தடை கழியாவிட்டால், சிறிய அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை கலிபிரேஷனுக்கு அனுப்பவேண்டும்; இடையில் அளவு தெரிந்த ஒரு பிளக் பொயின்ற்றை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை ஒப்பிட்டுப் பார். பற்றரி ஒரு செட் எப்போதும் பையில் இருக்கட்டும். நல் செய்வதை மறந்துவிடாதே.

போன மாதம் நீ அனுப்பிய தாளின் படத்தை, ஒரு வீட்டு வயரிங்கை அளந்து உன் பெயரில் நீ கையெழுத்திட்ட முதல் சேர்ட்டிபிகேற் என்று, மாடிவீட்டுக்காரர் முதல் சந்தையில் மீன் வெட்டித் தருபவர்வரை எல்லோருக்கும் காட்டினேன். என் மகன் எழுதியது என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. பிறகு வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் பார்த்தேன். பன்னிரண்டு வரிசையிலும் இன்சுலேஷன் 200 மெகோமுக்கு மேல் என்றிருந்தது. அது புது வயர்களில் இயல்பு. மீற்றரின் எல்லையே அதுதான். லூப் நிரலைத்தான் மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இங்கே நமக்கு ஏர்த் நம் முற்றத்து மண்ணுக்குள் அடித்த கம்பியிலிருந்து வருவதால், லூப் பத்து, இருபது ஓம் என்று வரும். மழைக்காலத்தில் ஓர் அளவு, பங்குனி வெயிலில் இன்னோர் அளவு. உனக்கு மின்சாரக் கொம்பனியே ஏர்த் தருகிறது, மெயின் போர்ட்டில் பெரும்பாலும் 0.35 ஓமுக்குள் நிற்கும். அதோடு ஒவ்வொரு லைனின் நீளமும் வயரின் கனமும் சேரவேண்டும். 32 ஆம்பியர் பி வகை பிரேக்கருக்கு 1.37 ஓமுக்குள் இருந்தால் உங்கள் வயரிங் விதிக்குப் போதும். ஆனால் போர்ட்டுக்குப் பக்கத்திலிருக்கும் குக்கருக்கும் தோட்டத்தின் கடைசியிலிருக்கும் கொட்டகைக்கும் ஒரே அளவு வருவது எனக்குப் பழக்கமில்லாத சங்கதி. உங்கள் ஊர் வயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ சொல்லலாம். கரண்ட் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிச் உள்ள லைனில், அது விழாமல் லூப் அளக்கும்போது மிகச் சிறிய கரண்டில் அளப்பதால், இரண்டு முறை வைத்தால் இரண்டு அளவு வரும். அதனால்தான் அளவின் நிலையைக் காட்டும் கருவியை மேலே குறிப்பிட்டேன். விலையைப் பார்க்காதே. பாதிக் காசை நான் அனுப்புகிறேன். எங்கள் ரூபா அங்கே எதற்குக் காணும் என்பதும் தெரியும்.

கொட்டாஞ்சேனை வீட்டு எலியின் கதை உனக்கு மனப்பாடம். உன் கல்யாணத்திலும் சித்தப்பா என்னை அதைச் சொல்ல வைத்தார், எல்லோரும் சிரித்தோம். தம்பி, அந்த வீட்டில் எலி இருக்கவில்லை.

மறுநாள் பால் காய்ச்சப்போகிறார்கள். இரவு பத்து மணி. மேல்மாடி முழுவதும் அளந்துவிட்டேன். கீழே ஐந்து பிளக் பொயின்ற் மிச்சம். மேலே வந்த அளவுகளையே கீழேயும் எழுதினேன், ஐந்துக்கும் ஒன்றே போல. ஒரே நாள், ஒரே வயர், என் கையால் பூட்டியது, என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். அவற்றில் ஒன்றில், தகட்டின் பின்னால் ஏர்த் வயர் திருகாணிக்குள் போகாமல் பக்கத்தில் மடிந்து நின்றிருக்கிறது. மூன்று கிழமை கழித்து, அந்த வீட்டு அம்மா தரை துடைத்துக்கொண்டே ஈரக் கையோடு பிரிட்ஜைத் தொட்டார். ட்ரிப் சுவிச் விழுந்தது. ஆனால் அவருடைய உடம்பினூடாகப் போன கரண்டினால்தான் விழுந்தது. ஏர்த் சரியாக இருந்திருந்தால், பிரிட்ஜில் பழுது வந்த அந்தக் கணமே, யாரும் தொடுமுன் விழுந்திருக்கும். தூக்கி எறியப்பட்டதில் மணிக்கட்டு முறிந்தது. நான் போய்த் தகட்டைக் கழற்றினேன், வயரைக் கண்டேன், அதன் நுனியைப் பிளையரால் நசித்துவிட்டு, எலி கடித்திருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார். தேநீர் போட மகளிடம் சொன்னார். கதை சிரிப்பாக மாறியது பிற்பாடு, நானே மாற்றியதுதான். அம்மாவுக்கும் இது தெரியாது.

மெகரையே வாங்கு. கையில் பிடிக்கும் முனையிலேயே பொத்தான் உள்ளது என்றால் ஏணியில் நின்றுகொண்டும் அளக்கலாம். நல் செய்து பார். பிறகு அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய், ஏழாவது வரிசையை, அந்தக் கொட்டகையை, மறுபடி அளந்து எழுதி எனக்கு அனுப்பு. அங்கே சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய்.

அன்புடன்,
அப்பா