கார் மேனுவல் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: டோர் பேடுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க

இந்தியாவுல கார் தயாரிக்கிற கம்பெனிகள்ல உட்கார்ந்து ஓனர்ஸ் மேனுவல் எழுதுற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நீங்க எழுதுற புக்கைப் படிக்கிற ஆளுங்க கம்மின்னு உங்களுக்கே தெரியும், பாதி வண்டியில அது டேஷ்போர்டுக்குள்ள கவர் கூட பிரிக்காம கிடக்கும், ஆனா நான் படிக்கிறவன். ஸ்டெப்னி மாத்தும்போது ஜாக்கிய எங்க வைக்கணும், எந்த ஃபியூஸ் எதுக்கு, பல்பு எப்படி கழட்டணும்னு எல்லாத்துக்கும் படம் போட்டு நல்லாவே எழுதுறீங்க. கண்ணாடி ஏறலையா, ஃபியூஸைப் பாருன்னும் சொல்றீங்க. சரி, ஃபியூஸ் நல்லா இருக்கு, அப்புறம்? அங்க வந்ததும் டீலர்கிட்ட காட்டுங்கன்னு ஒரு வரியோட முடிச்சிடுறீங்க.

நான் கேட்கப் போறது பெரிய விஷயம் எல்லாம் இல்லங்க. இன்ஜின் பிரிக்கிறது எப்படின்னு கேக்கல, கியர்பாக்ஸ் கேக்கல. டோர் பேட், அதான் கதவோட உள்பக்கத்தை மூடியிருக்குற பிளாஸ்டிக் பலகை, அதைக் கழட்டுறது எப்படின்னு ஒரு பக்கம், ஒரு படம், அவ்ளோதான்.

ஏன் டோர் பேட்னா, வண்டிக்கு வயசாக ஆக மக்கர் பண்ற சின்னச் சின்ன ஐட்டம் முக்கால்வாசி அதுக்குப் பின்னாடிதான் இருக்கு. பவர் விண்டோ மோட்டார், கண்ணாடிய மேல கீழ இழுக்குற மெஷின், சென்ட்ரல் லாக் மோட்டார், வெளி ஹேண்டில், ஸ்பீக்கர், சைடு மிரருக்குப் போற வயர், எல்லாம் அந்த ஒரு பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னாடி. ஐப்பசி மழை கொட்டும்போது கண்ணாடி பாதியில நின்னுட்டா ஞாயித்துக்கிழமை எந்த சர்வீஸ் சென்டர் திறந்திருக்கும் சொல்லுங்க. அப்ப வீட்டு வாசல்லயே ஸ்க்ரூடிரைவரோட உட்கார்றவன் பேட் எங்க புடிச்சிருக்குன்னு தெரியாம இழுக்குறான், கிளிப் உடையுது, பேட் ஓரம் கிழியுது.

ஒளிச்சு வைக்கிறதுல உங்க டிசைன் ஆளுங்க கெட்டிக்காரங்க, அதை ஒத்துக்கிறேன். உள்பக்க ஹேண்டில் குழிக்குள்ள நகம் அளவு ஒரு மூடி, அதை நெம்புனா உள்ள ஸ்டார் ஸ்க்ரூ. கதவ இழுத்துச் சாத்த கை வைக்கிற பள்ளத்துக்கு அடியில ஒரு ரப்பர் மேட், அதுக்குக் கீழ இன்னொரு ஸ்க்ரூ. சில வண்டியில விண்டோ சுவிட்ச் பிளேட்டையே நெம்பி எடுத்தாத்தான் அடியில ஸ்க்ரூ இருக்குறதே தெரியும். மிரர் பக்கம் இருக்குற முக்கோண மூடி தனி, அது வெறும் கிளிப்ல நிக்கும், அதை முதல்ல எடுக்காம பேடை எடுத்தா மூடியோட காது முறியும். பேட் ஓரத்துல சில சமயம் பிளாஸ்டிக் பின் வேற, ஒரு வகையில நடுப்பொட்டை உள்ள அமுக்கணும், இன்னொரு வகையில வெளிய இழுக்கணும், மாத்திப் பண்ணா போச்சு. பழைய கையால சுத்துற கண்ணாடி வண்டின்னா வைண்டர் கைப்பிடிக்குப் பின்னாடி லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் இருக்கும், துணிய இடுக்குல விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தா டொக்குன்னு தெறிச்சு வரும், தெறிச்சு எங்க போச்சுன்னு தேடுறது தனி வேலை.

ஒளிஞ்சிருக்குற ஸ்க்ரூ ஒண்ண விட்டுட்டு பலமா இழுத்தாத்தான் பேட் கிழியுது. எல்லாத்தையும் கழட்டிட்டா வேலை ரொம்ப லேசு. கீழ் மூலையில இருந்து ஆரம்பிச்சு நைலான் நெம்புகோல கிளிப் பக்கத்துலயே விட்டு நெம்பணும், இரும்பு ஸ்க்ரூடிரைவர் போட்டா பெயின்ட்ல கோடு விழும். கிளிப் ஒவ்வொண்ணா டப் டப்புனு விடும். சுத்தி விட்டதும் நேரா உங்க பக்கம் இழுக்கக் கூடாது, மேல தூக்கணும், ஏன்னா பேடோட மேல் விளிம்பு கண்ணாடி பீடிங், அதான் கண்ணாடிய ஒட்டியிருக்குற ரப்பர் பட்டை, அது ஓரத்துல மாட்டியிருக்கும். தூக்குனதும் அப்படியே புடிச்சுக்கணும், பின்னாடி சுவிட்ச் கப்ளரும் (வயரை மாட்டுற பிளக்) ஹேண்டில் கேபிளும் இன்னும் இருக்கு. கப்ளர்ல நாக்கை அமுக்கித்தான் எடுக்கணும், வயரைப் புடிச்சு இழுத்தா அடுத்த செலவு ரெடி. இவ்ளோதான் விஷயம், இதுல ரகசியம்னு என்ன இருக்கு?

ஆபத்துன்னு சொல்லுவீங்க. கத்துக்குட்டி கை வச்சா ஏர்பேக், சென்சார், வயரிங் எல்லாம் கெட்டுடும், அதனாலதான் நாங்க எழுதலன்னு. இந்தப் பேச்சைத்தான் என்னால ஏத்துக்க முடியல, சொல்லாம விட்டா என்ன ஆகுதுன்னு பாருங்க. பேட் எடுத்ததும் கதவு இரும்பு மேல ஒரு பாலிதீன் ஷீட் இருக்கும், கருப்பா பிசுபிசுன்னு ஒரு கோந்துல ஒட்டியிருப்பாங்க. மழைத் தண்ணி கண்ணாடி பீடிங் வழியா கதவுக்குள்ள இறங்குறது சகஜம், அது கீழ இருக்குற ஓட்டை வழியா வெளிய போயிடும், போற வழியில சீட் பக்கம் வராம தடுக்குறது அந்த ஷீட்தான். ஸ்பீக்கர் மாட்டுற கடையில பல பேர் அதைக் கத்தியால கிழிச்சு மூலையில சுருட்டிப் போட்டுட்டு பேடை மூடிடுறாங்க, அப்புறம் மழைக்காலத்துல கார்பெட் நாறுது, வண்டிக்காரன் ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்குன்னு நினைச்சு அந்தப் பக்கம் செலவு பண்ணிட்டு இருக்கான்.

அதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. சில வண்டியில பக்கவாட்டுல இடிச்சா ஏர்பேக் விரியணும்ங்கிறதுக்காக கதவுக்குள்ளயே காத்தழுத்த சென்சார் வச்சிருக்கீங்க. கதவு நசுங்குற நொடியில உள்ள காத்து அழுத்தம் சட்டுனு ஏறுறதை வச்சுத்தான் அது இடியைக் கண்டுபிடிக்குது. அந்த ஷீட் கிழிஞ்சிருந்தா, சரியா ஒட்டாம இருந்தா, அழுத்தம் கசியும், சென்சார் படிக்கிற கணக்கு தப்பும். இது உயிர் விஷயம். அந்த மாதிரி வண்டி ஓட்டுறவனுக்கு இதை உங்க மேனுவல்ல எங்க எழுதியிருக்கீங்கன்னு ஒரு தடவ நீங்களே புரட்டிப் பாருங்க. கை வைக்கிறவன் எப்படியும் வைப்பான், யூடியூப் பார்த்து வைப்பான், அந்த வீடியோல இருக்குறது இடது பக்க ஸ்டியரிங் வண்டியா இருக்கும், இல்ல வேற வருஷத்து மாடலா இருக்கும், அதுல இருக்குற ஸ்க்ரூ இதுல இருக்காது. சொல்லாம விடுறதால ஆபத்து கொஞ்சமும் குறையல.

சட்டப்படி எங்களுக்கு என்ன கட்டாயம்னு உங்க லீகல் ஆளுங்க கேப்பாங்க. 2014 ஆகஸ்ட்ல போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சே, ஞாபகம் இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் தகவலையும் டீலருக்குள்ளயே பூட்டி வச்சதுக்குத்தான் அந்த அபராதம். வெளி மெக்கானிக்கிட்ட போனாலே வாரண்டி போச்சுன்னு மொத்தமா மிரட்டக் கூடாதுன்னும் அந்த உத்தரவுல இருந்துச்சு. அப்புறம் அப்பீல் அது இதுன்னு இழுத்துச்சு, அது வேற கதை. 2022 டிசம்பர்ல நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்குன்னே ஒரு போர்ட்டல் திறந்துச்சு, விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான் இதுங்களோட கார் பைக்கும் அந்த லிஸ்ட்ல இருக்கு. ஐரோப்பாவுல 2007லேயே சட்டம் போட்டு, வெளி கராஜ்காரன் ஒரு மணி நேரத்துக்கு, ஒரு நாளைக்குன்னு காசு கட்டியாவது கம்பெனியோட ரிப்பேர் தகவலைப் பார்க்கலாம்னு வச்சுட்டாங்க. அங்க கொடுக்க முடியுற காகிதம் இங்க ஏன் முடியல? நான் மொத்த சர்வீஸ் மேனுவலும் கேக்கல, அதுல ஒரு பக்கம்.

ஒரு பக்கம்னு சொன்னேன்ல, அதோட இன்னொரு சின்னக் கோரிக்கையும் ஒட்டியே வருது. கிளிப் பார்ட் நம்பரை அந்தப் பக்கத்துலயே அச்சடிங்க. நம்ம ஊரு வெயில்ல வருஷக்கணக்கா நிக்கிற வண்டியில அந்த கிளிப் எல்லாம் காஞ்சு போயிருக்கும், யார் எவ்ளோ பக்குவமா எடுத்தாலும் ஒண்ணு ரெண்டு உடையத்தான் செய்யும், உங்க டெக்னீஷியன் எடுத்தாலும் உடையும். கவுன்டர்ல போய் கேட்டா பார்ட் நம்பர் சொல்லுங்கன்னு கேக்குறாங்க, நம்பர் எங்க இருக்குன்னு கேட்டா சிரிக்கிறாங்க. அப்புறம் சென்னையில இருக்குறவன் ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போய் உடைஞ்ச கிளிப்பை உள்ளங்கையில வச்சுக்கிட்டு கடை கடையா காட்டி, ஏறக்குறைய அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வர்றான். அந்த ஏறக்குறையதான் பிரச்சனை, அரை மில்லி வித்தியாசம் இருந்தா ஓட்டையில சரியா உட்காராது, ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போதெல்லாம் கதவு கடகடங்கும்.

தமிழ்லயும் போட்டுட்டா ரொம்ப சந்தோஷம். இருங்காட்டுக்கோட்டையிலயும் ஒரகடத்துலயும் வண்டி செஞ்சு உலகம் பூரா அனுப்புறீங்க, அந்த வண்டியைப் பிரிக்கிறதைப் பத்தி அந்த ஊர் பக்கத்து மெக்கானிக் தன் பாஷையில ஒரு பக்கம் படிக்க முடியாதுங்கிறது எனக்கு என்னமோ பொருத்தமா படல. முழு புக்கையும் மொழிபெயர்க்க வேண்டாம், படத்துக்குப் பக்கத்துல நாலு வரி போதும்.

எழுதும்போது இதையெல்லாம் விட்டுடாதீங்க. ஆரம்பிக்கும் முன்னாடி பேட்டரி நெகட்டிவ் கழட்டி சில நிமிஷம் விடச் சொல்லுங்க. கண்ணாடிய இழுக்குற மெஷினோட போல்ட்ல கை வைக்கும் முன்னாடி கண்ணாடிய மேல தூக்கி டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்க, இல்லன்னா அது கதவுக்குள்ள விழுந்துடும். கதவு இரும்புலயே தங்கிட்ட கிளிப்பை எடுத்து முதல்ல பேட்ல மாட்டணும், அப்புறம்தான் பேடை வைக்கணும்னு தெளிவா போடுங்க. பேட்டரி கழட்டி மாட்டினதும் ஒரே அமுக்குல ஏறுற கண்ணாடி சில மாடல்ல வேலை செய்யாது, சுவிட்சை எவ்ளோ நேரம் புடிச்சிருந்தா ரீசெட் ஆகும்னு உங்க மாடலுக்கு ஏத்த மாதிரி எழுதுங்க. டிரைவர் கதவுக்கும் பின் கதவுக்கும் ஸ்க்ரூ இருக்குற இடம் வேற வேறன்னா ரெண்டுக்கும் தனித்தனி படம் வேணும், ஒரே படத்தைப் போட்டுட்டு மத்ததும் இதே போலன்னு எழுதிடாதீங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
மேனுவலைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிற ஒரு வண்டிக்காரன்